அண்பல்லும் பசுந்தேநீரும்

பல்லைப் பற்றி எழுதுதற்குத் தமிழாசிரியன் ஒருவனுக்கு என்ன உரிமை உண்டு என்று இப்பகுதியை வாராவாரம் படிக்கும் அன்பர்கள் வினவலாம். உரிமை உண்டு. எழுத்துக்களின் பிறப்பை வகுக்கப் புகுந்த தொல்காப்பியர் தலை, மிடறு, நெஞ்சு என்பவற்றோடு பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றையும் கூட்டி எட்டு உறுப்புக்களை எண்ணினார். நன்னூலாரும் பல்லைக் கைவிட்டாரல்லர். மேல்வாய்ப் பல்லாகிய அண்பல்லின் அடியை நாநுனி பொருந்தாவிடின் தகரம் இல்லை; நகரமும் இல்லை. மேற்பல்லோடு கீழிதழ் கூடாவிடின் வகரம் இல்லை. தமிழ் என்னும் பெயரின் முதலெழுத்தே பல்லின்மீது நிற்பது. எனவே பல்லைப் பற்றிய பேச்சு எழுத்ததிகாரத்துக்குப் புறம்பான பேச்சன்று.

இவ்வளவையும் ஆண்டுதோறும் பண்டித வகுப்பு மாணாக்கருக்கு விரித்துரைத்து வந்த நான் என் பல்லைக் காத்தேனா என்றால், காத்திலேன். அந்தக் கதையைச் சிறிது சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எனது இரத்தத்திற் சீனி சற்று ஏறியிருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. சக ஆசிரியர் ஒருவர், பாற்றேநீரை விட்டுப் பச்சைத் தேயிலைக்கு மாறுக என்றார். வெறுமனே குடித்தாற் கசக்கும். அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிட்டாற் சுவையும் கூடும், குணமும் கூடும் என்பது அவர் மேலும் தந்த உபதேசம். அவ்வாறே செய்தேன். விடியற்காலையிற் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, பெரிய குவளை ஒன்றை அரைமணி நேரம் மிடறு மிடறாக அருந்துவேன். அருந்தி முடிந்த கையோடு, தேநீர்க் கறை படிந்துவிடுமே என்னும் அச்சத்தால் அழுத்திப் பல் துலக்குவேன். பச்சைத் தேயிலை பல்லுக்கும் நல்லது, பல்லரிப்பை முற்றாகத் தடுக்கும் என்னும் கருத்துப்பட எழுதிய துண்டுப்பிரசுரம் ஒன்றும் அக்காலத்தில் என் கைக்கு வந்தது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என மகிழ்ந்தேன்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. ஒருநாள் சிந்தாமணிச் செய்யுளொன்றை மாணாக்கருக்கு இசையோடு படித்துக் காட்டிவிட்டு, பானைத் தண்ணீர் ஒரு வாய் குடித்தேன். முன்பல்லில் மின்னல் வெட்டியது போல் இருந்தது. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியிற் பார்த்தால், முன்பற்களின் விளிம்பு மெலிந்து வெளிச்சம் ஊடுருவும் கண்ணாடித் துண்டு போல் இருக்கிறது. நடுப்பாகத்தில் மஞ்சள் ஏறியிருக்கிறது. சூத்தை ஒன்றேனும் இல்லை. பல் வைத்தியர் ஒருவரிடம் போனேன். அவர் இளைஞர், என் மாணாக்கரின் வயதினர். சோடா குடிப்பதுண்டா என்றார். இல்லை என்றேன். அச்சாறு? இல்லை. நெஞ்செரிவு, வாந்தி? இல்லை. நான் சற்றுப் பெருமையோடு, "தம்பி, நான் காலையிற் பச்சைத் தேயிலைதான் குடிக்கிறேன், அது பல்லுக்கு நல்லதாமே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நல்லதுதான், ஐயா. அதற்குள் என்ன விடுகிறீர்கள்?" என்று மாத்திரம் கேட்டார்.

அந்த ஒரு வினாவே இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணம்.

முதலிற் சொற்களைச் சற்றுத் தெளிவு செய்துகொள்ளல் நன்று. பல்லுக்கு வரும் கேட்டை எல்லாம் நம்மவர் ஒரே பெயரால் வழங்குகின்றனர். சூத்தை என்பது ஒன்று. வாயில் வாழும் பற்றீரியா நாம் உண்ணும் சீனியை உண்டு அமிலத்தைக் கக்க, அவ்வமிலம் பல்லைக் குழித்து உண்டாவது அது. நான் பட்டது வேறு. அதற்குப் பற்றீரியா வேண்டா. உணவிலும் பானத்திலும் உள்ள அமிலம், அல்லது இரைப்பையினின்று மேலெழும் அமிலம், நேரே பல்லிற்பட்டு அதன் மேற்பரப்பைக் கரைத்துக்கொண்டு போவது. குழி விழாது, மேற்பரப்பு வழுவழுப்பாகத் தேயும். பத்திரிகைகள் இதனைப் பல்லரிப்பு என எழுதுகின்றன. மண்ணரிப்பு என்னும் சொல்லைப் பின்பற்றி ஆக்கிய சொல் போலும். பிழையென்று சொல்லேன். ஆயின் அரிப்பு என்றவுடன் நம்மூர்ப் பாட்டிமார் சொறியப் புறப்பட்டுவிடுவர். அமிலத் தேய்வு என்றால் காரணமும் காரியமும் ஒருங்கே விளங்கும். வேறு நல்ல சொல் தருவாருளராயின் ஏற்றுக்கொள்வேன்.

நோய்க்குப் புதுப்பெயர் தேடுகின்றோமே யன்றி, அதன் முன்னறிவிப்புக்கு நம்மிடம் பெயர் பண்டே உண்டு. புளியங்காயைக் கடித்த சிறுவன் பல் கூசுகிறது என்கிறான். கூச்சம் என்னும் அச்சொல்லைச் சொல்லாத தமிழ்ப்பிள்ளை இல்லை. உண்மையிற் பல்லின் மேற்போர்வை நலிந்து உட்பகுதி வெளிப்படும்பொழுது தோன்றுவதும் அக்கூச்சமே. பிள்ளை சொல்கிறது, நாம் கேட்பதில்லை.

பல்லின் மேற்போர்வையைப் பாடநூலார் மிளிரி என்பர். மனித உடம்பில் இதனினும் வன்மையான பொருள் இல்லை. நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 96 பங்கு, கல்சியமும் பொசுபேற்றும் கூடிய கனியுப்பு. வன்மையானதாயினும் அது ஓர் ஏழைப் பொருள். உயிருள்ள கலம் அதனுள் இல்லை. எலும்பு முறிந்தாற் கூடும். தோல் கிழிந்தால் மூடும். தேய்ந்துபோன மிளிரியை உடம்பு மீள ஆக்குவதில்லை. அமிலத்தன்மையை அளக்கும் பீ. எச். பெறுமானத்தில் 7 நடுநிலை. ஓர் எண் இறங்க அமிலம் பத்து மடங்கு மிகும். 5.5 என்னும் எல்லைக்குக் கீழே மிளிரி கரையத் தொடங்கும் என்பது பல் வைத்திய நூலார் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. கோலா வகைப் பானங்கள் 2.5 ஐ ஒட்டியவை. தேசிக்காய்ச் சாறு 2 க்கும் 3 க்கும் இடைப்பட்டது. வெறும் பசுந்தேநீரோ நடுநிலையை அணுகி நிற்பது. அதனாற் பல்லுக்குத் தீங்கில்லை. அரைத் தேசிக்காய் அதனுள் விழுந்த கணத்தில் அது தேநீர் என்னும் பெயர் தாங்கிய அமிலப் பானம்.

இயற்கை நமக்கு ஒரு காவலையும் தந்திருக்கின்றது. உமிழ்நீர் அமிலத்தை அடக்கும், கழுவிப் போக்கும், தன்னிலுள்ள கல்சியத்தையும் பொசுபேற்றையும் கொடுத்து, மென்மையுற்ற மேற்பரப்பை ஓரளவுக்கு இறுகவும் செய்யும். அதற்கு வேண்டுவது நேரம். ஒரே மூச்சிற் குடித்துவிட்டாற்கூட உமிழ்நீருக்கு வேலை செய்ய இடமுண்டு. பத்திரிகையின் நாலு பக்கமும் முடியும்வரை மிடறு மிடறாகப் புளிப்பை வாயிற் கொண்டவன் அதற்கு இடமே கொடுத்தானல்லன். அதன்மேல், மெலிந்து நின்ற பரப்பைத் தூரிகையால் அழுத்தித் தேய்த்தும் போக்கினேன். நல்லது செய்கிறோம் என்று எண்ணிக்கொண்டு இத்தனையையும் வரிசை பிசகாமற் செய்தேன்.

இனித் தேயிலையின் பக்கம் வருவோம். துண்டுப்பிரசுரம் சொன்னது முழுப்பொய்யா? அன்று. அதனுள் ஓர் உண்மை இருக்கின்றது. அவ்வுண்மையின் அளவை அது சொல்லவில்லை.

மிளிரிக்கு உள்ளே இருப்பது பன்முதல். அதிலும் கனியுப்பு மிகுதியே. ஆயின் கொலாஜன் என்னும் புரத இழைகளாலாய ஒரு வலை அதற்கு ஆதாரமாக அமைந்துள்ளது. ஓலைப் பாய் போல என்று வைத்துக்கொள்ளலாம். அமிலம் வந்து கனியுப்பைக் கரைத்த பின்பும் அவ்வலை சிறிது காலம் எஞ்சி நின்று, அடுத்து வரும் அமிலம் உட்புகாமல் மறிக்கும். அதனையும் அறுப்பவை உள. உமிழ்நீரிலும் பன்முதலிலும் உறங்கிக் கிடக்கும் சில நொதியங்கள், அமிலம் பட்டதும் விழித்துக்கொண்டு, அமிலம் தணிந்தபின் அவ்விழைகளை அறுக்கின்றன. பசுந்தேயிலையிற் செறிந்துள்ள கட்டெக்கின் என்னும் பொலிபீனோல் வகைப் பொருள்கள், சிறப்பாக ஈ. ஜீ. சீ. ஜீ. எனச் சுருக்கி வழங்கப்படும் ஒன்று, இந்நொதியங்களின் கையைக் கட்டிவிடுகின்றன. வலை நெடுநாள் நிற்க, தேய்வு மெதுவாகிறது. அமிலத்தைத் தேநீர் ஒன்றும் செய்யவில்லை. அமிலம் விட்டுச்சென்றதைக் காக்கின்றது.

பிரேசில் நாட்டிற் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்துப் பௌரு பல் வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்தோர் இதனை ஆராய்ந்து 2009 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாட்டுப் பல்லின் பன்முதற் துண்டுகளைத் தொண்டர்களின் மேல்வாயிற் பொருத்தும் தகட்டிற் பதித்து, அவற்றைக் கோலாப் பானத்தால் அரிக்கச் செய்து, பின் அத்தொண்டர்களை ஒரு கட்டத்திற் பசுந்தேநீராலும் மறு கட்டத்தில் நீராலும் வாய் கொப்பளிக்கச் செய்தனர். தேநீராற் கொப்பளித்த கட்டத்தின் துண்டுகள் குறைவாகத் தேய்ந்திருக்கக் கண்டனர். நல்ல ஆய்வு, ஆயினும் அது சொல்லுவதை மாத்திரமே நாம் சொல்லவேண்டும். அது பன்முதலைப் பற்றியது. மிளிரியிற் புரத இழை மிகச் சிறிதாதலின், அதே காப்பை மிளிரிக்கும் உரியதாகச் சொல்லுதற்கு அவ்வாய்வு இடந்தரவில்லை. அவர் கொப்பளித்தது வெறுந்தேநீரால். தேசிக்காய் பிழிந்த தேநீரால் அன்று.

தடுக்கும், குறைக்கும், மீட்கும் என்னும் மூன்று வினைச்சொற்களும் ஒருபொருட் கிளவிகளா? வகுப்பில் ஒரு மாணவன் அவ்வாறு எழுதினால் நாம் சிவப்பு மையால் அடிப்போம். விஞ்ஞானச் செய்தியை எழுதுவோருக்கு மாத்திரம் அம்மை ஏன் வற்றிவிடுகிறது? ஆய்வாளர் குறைத்தது என்றார். எழுதியவர் தடுக்கும் என்றார். படித்த நான் மீட்கும் என்று உட்கொண்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு படி ஏற, என் பல் இரண்டு படி இறங்கியது. இதிற் பெரும்பழி எனக்கே. சொல்லாராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டவன் வினைமுற்றை ஆராயாது விட்டேன்.

பெயரிலும் ஒரு மயக்கம் உண்டு. மலையகத் தோட்டத்திற் கொழுந்து பறிப்பவர்க்குப் பச்சை என்றாற் செடியினின்று அப்பொழுதே கிள்ளிய இலை. கடைக்காரருக்குப் பச்சைத் தேயிலை என்றால் உலர்த்திப் பொதிசெய்த ஒரு சரக்கு. பச்சை என்பது நிறத்தையும் பக்குவப்படாமையையும் ஒருங்கு உணர்த்துவதால் வந்த இடர் இது. பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் வெவ்வேறு செடி என்று எண்ணும் ஆசிரியர்களையும் கண்டிருக்கிறேன். செடி ஒன்றே. 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்ட செடியின் இனந்தான். பறித்த இலையை வாட்டி, உருட்டி, காற்றோடு கலக்கவிட்டு ஒட்சியேற்றம் பெறச் செய்தாற் கறுப்புத் தேயிலை. சீனர் போல் வறுத்தோ, யப்பானியர் போல் ஆவியில் அவித்தோ இலையின் நொதியத்தை உடனே அடக்கிவிட்டாற் பச்சை. முன்னதிற் கட்டெக்கின்கள் பெரும்பாலும் வேறு பொருள்களாய் மாறுகின்றன. பின்னதில் அப்படியே நிற்கின்றன. பானத்துக்குப் பசுந்தேநீர் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கறுப்புத் தேநீரிலும் துவர்ப்புப் பொருள் உண்டென்பதை, வெறுந்தேநீரை நாவில் வைத்தவர் எவரும் அறிவர். வசதியற்றவர் விலையுயர்ந்த பொதியை வாங்கவில்லையே என ஏங்க வேண்டியதில்லை.

துவர்ப்பு என்றேன். அறுசுவையுள் அதிகம் பாடப்படாத சுவை அது. ஆலையும் வேலையும் பல்லோடு சேர்த்து, நாலடியையும் இரண்டடியையும் சொல்லோடு சேர்த்து வைத்த பழமொழியை நாம் எல்லோரும் அறிவோம். ஆலும் துவர்ப்பு, கருவேலும் துவர்ப்பு. துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது; வாயை அது வறளச் செய்வதாக நாம் உணர்வதும், உமிழ்நீரின் புரதங்களை அது பற்றுவதனாலேயே. தேயிலையின் பொலிபீனோலும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. ஆதலின், பல்லுக்குத் துவர்ப்பு நன்று எனக் கண்ட முன்னோரின் கூர்மையை நான் மதிக்கிறேன். அதற்காக, நொதியத்தின் செயலைக் குச்சியால் பல் துலக்கியோர் அன்றே அறிந்திருந்தனர் என மேடையில் முழங்குவோரோடு சேர இயலாது. கண்டது வேறு, காரணம் கண்டது வேறு. முன்னோர்க்குப் பெருமை சேர்க்கப் பொய் சொல்லுதல் அவர்க்குச் செய்யும் சிறுமை. நம்மூர்க் கருத்தரங்குகளில் இதைச் சொன்னாற் சிலர் முகம் சுளிக்கின்றனர், சுளிக்கட்டும்.

எனக்கு உண்மையிற் கவலை தருபவர் என் வயதினர் அல்லர்; மாணாக்கர். பாடசாலை வாயிலில் வினாகிரியில் ஊறிய மாங்காயும் அம்பரலங்காயும், பக்கத்தில் நிறமூட்டிய சோடாவும் விற்பனையாகின்றன. அச்சாற்றின் சுவையை நான் பழிக்கவில்லை. நானும் தின்று வளர்ந்தவன்தான். இடைவேளையில் ஒரு முறை தின்று தண்ணீர் குடித்துவிட்டு ஓடினோம். இன்று போத்தலை வகுப்புக்குள்ளும் கொண்டுவந்து, பாடம் நடக்கும்பொழுது உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். நான் பத்திரிகையோடு செய்ததை அவர்கள் பாடநூலோடு செய்கிறார்கள். பதினாறு வயதில் தொடங்கிய தேய்வு அறுபது வயது வரைக்கும் கணக்கு வைத்திருக்கும். இவர்களுக்குப் பசுந்தேநீர் நல்லது என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்தால், சோடாவின்மேற் பசுந்தேநீரையும் குடிப்பார்கள். முதலிற் சொல்லவேண்டியது புளிப்பை அடிக்கடி வாயிற் கொள்ளாதே என்பது. தின்றால் ஒருமிக்கத் தின். தின்றபின் வெறுநீராற் கொப்பளி. உடனே பல் துலக்காதே. புளோரைட்டுச் சேர்ந்த பற்பசையை மென்மையான தூரிகையால் வழங்கு. இவற்றுக்குப் பின்னரே தேநீர். அதுவும் சீனியின்றி, புளிப்பின்றி.

சிலருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. உணவோடு தேநீர் அருந்தினால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பிற் சேர்வது குறையும். எங்கள் மாணவியர் பலர் ஏற்கெனவே இரத்தச்சோகையால் வாடுபவர். அவர்கள் உணவுக்கும் தேநீருக்கும் இடைவெளி விடல் நன்று. தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைட்டை ஈர்த்துச் சேர்ப்பது. அளவான புளோரைட்டுப் பல்லுக்கு உறுதி தரும். ஆயின் அநுராதபுரம், பொலன்னறுவை முதலிய உலர்வலயப் பகுதிகள் பலவற்றிற் கிணற்றுநீரிலேயே அது மிகுந்து, பிள்ளைகளின் பற்களிற் கறையும் வடுவும் உண்டாக்குகின்றது. அங்குள்ளவர்க்குத் தேநீரைக் குவளை குவளையாகப் பரிந்துரைப்பது அறியாமை. ஓரிடத்து மருந்தை எல்லாவிடத்துக்கும் ஓதுகின்ற துண்டுப்பிரசுரத்துக்கு இந்த நுணுக்கம் ஏது?

வாந்தியாலும் நெஞ்செரிவாலும் வருந்துவோர் தனியே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இரைப்பை அமிலம் பெரும்பாலும் மேல் முன்பற்களின் உட்புறத்தைத் தேய்க்கும். கண்ணாடியில் எளிதிற் புலப்படாத பக்கம் அது. தகரத்துக்காக நாநுனி தேடிச்செல்லும் பக்கமும் அதுவே. இத்தகையோர் தேநீரை நாடுமுன் வைத்தியரை நாடவேண்டும்.

என் கதையின் மீதியையும் கேட்டுவிடுங்கள். வைத்தியர் முன்பற்கள் இரண்டுக்குப் பிசின் போன்ற ஒரு பொருளால் விளிம்பு அமைத்துத் தந்தார். முதல் வாரத்தில் நா அங்கே போய்ப் போய்த் தடவியது. வகுப்பில் இரண்டொரு முறை தகரம் தடித்துப் பிறந்தது. மாணாக்கர் கவனித்தனர், மரியாதையால் வாளாவிருந்தனர். இப்பொழுது சரியாகிவிட்டது. உபதேசம் செய்த ஆசிரிய நண்பரிடம் விடயத்தைச் சொன்னேன். அவர் தம் பல்லைக் கண்ணாடியிற் பார்த்துவிட்டு மறுநாள் என்னிடம் வைத்தியரின் முகவரியைக் கேட்டார். பசுந்தேநீரை நான் விடவில்லை. மாலையில், ஆறவிட்டு, வெறுமனே அருந்துகிறேன். கசப்பும் துவர்ப்பும் பழகிவிட்டன. தேசிக்காய் மதியச் சோற்றுக்குச் சொதியோடு போய்விட்டது. அதற்குப் பின் வாய் கொப்பளிக்க ஒரு செம்புத் தண்ணீர் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது.